கன்னியம்மாவின் தூக்கமும் என் ஆய்வும்

நவ. 3, திங்கள்

விடியும்போதே தூறல். செம்பாக்கம் ஏரி மேல் புகை மாதிரி பனி. அக்கரை வீடுகள் தெரியவில்லை. துணி எதுவும் காயவில்லை, யூனிஃபார்மை இஸ்திரி போட்டே காய வைத்தேன். வீடு முழுக்க ஈரத்துணி வாசனை.

இன்று: கேஸ் புக்கிங். மோகனுக்கு இருமல் மருந்து. வ.மே.யிடம் தாள்கள். வியாழக்கிழமை செமினார் (அளவுசார் ஆய்வு, பண்புசார் ஆய்வு: ஒப்பீடு). ஒரு வரி கூட எழுதவில்லை.

வ.மே. என்றால் வசந்தா மேடம், என் கைடு. எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருடம் முழுவதும் அவர் கையில். எண்கள்தான் அவருக்கு மூச்சு. ஐசியுவிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்பது என் ஆய்வு. கேள்விக்குக் கேள்வி பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு. தூக்கம் எப்படி, பயம் உண்டா, கெட்ட கனவு உண்டா. கோட்டில் ஒரு புள்ளி வைத்தால் போதும்.

தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றார்.

"யாருது இது? வென்டிலேட்டர்ல கெடந்துட்டு வந்தவங்க யாருக்கும் சரியா தூக்கம் இல்ல. இவங்களுக்கு மட்டும் பயமே இல்ல, தூக்கம் பத்துக்குப் பத்து?"

கன்னியம்மா. கோவளம் தாண்டி ஒரு குப்பம். மீன் விற்பவர். காலில் புண், சர்க்கரை, கிருமி ரத்தத்தில் ஏறி, ஆகஸ்டில் ஐசியு. அப்போது எனக்கு அங்கேதான் போஸ்டிங். ஜன்னலோரக் கட்டில். நான் பார்த்த நோயாளிதான். ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிறகு ரிவ்யூவுக்கு வந்து தாள் நிரப்பியபோது அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அங்கே நான் மாஸ்க், தொப்பி, இரண்டு கண்.

"நல்லா குணமாயிட்டாங்க போல மேடம். இல்லன்னா எனக்காகப் போட்டிருப்பாங்க. எடுத்துடலாமா?"

"எடுக்காத. தனியா நிக்கற நம்பர் சும்மா நிக்காது. போய்ப் பேசிட்டு வா."

எண்கள் மேடமே பேசச் சொல்கிறார். மழை வராமல் என்ன செய்யும்.

நவ. 5, புதன்

தாம்பரத்தில் பஸ் ஏறி, கேளம்பாக்கம் வழியாக. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். விழித்தால் வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது. கடல் பக்கத்து வெளிச்சம். எல்லாம் கொஞ்சம் வெளுத்து.

மருமகள் தேவி வாசலில் மீன் கூடை கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்பப் பாரு கண்ண மூடிகினு படுத்துகினே கீதுக்கா. ஏவாரத்துக்கு வர்றதில்ல. கூப்ட்டா 'தொல்ல பண்ணாத'ன்னுது. தூங்கறா மாரியும் இல்ல."

கன்னியம்மா கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். முகத்தில் அப்படி ஓர் அமைதி. யாரோ பேசுவதைக் கேட்கிற முகம். பேச்சைப் பதிவு செய்யச் சம்மதம் கேட்டேன், தாளைப் படித்துக் காட்டினேன், கைநாட்டு வைத்தார். தேவி குழாயடிக்குப் போகும்வரை வாய் திறக்கவில்லை. போனதும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"ஐசியுல இருந்தது ஏதாவது ஞாபகம் இருக்கா அம்மா?"

"எல்லாம் ஞாபகம் கீது. எம்பொண்ணு வந்து என் பக்கத்துல குந்திகினு இருந்தா."

அந்தப் பெண் இறந்து பல வருடம். கல்யாணம் நிச்சயமான சமயம், காய்ச்சல். ரிவ்யூவில் தேவி சொல்லியிருந்தாள்.

"மொதல்ல தண்ணிக்கு அடில கெடக்கறா மாரி இருந்துச்சு. மேல வெளிச்சம் ஆடிகினே கீது, எனக்கு ஏறி வர முடியல. அப்ப 'அம்மா, அம்மா'ன்னு ஒரு கொரலு. கைய புட்ச்சிகினா. வெந்நீருல துணி நனச்சு மூஞ்சி தொடச்சா. தெனம் வந்தா. தெனம் ஒரு கத சொல்வா."

"என்ன கதை?"

"ஏரில கோழி குஞ்சு வுட்டுகீதாம். எல்லாம் வரிசயா போவுதாம், ஒன்னு மட்டும் பின்னாடியே நின்னுடுதாம். 'ஓடி வா, ஓடி வா'ன்னு கரைல நின்னு கத்தினாளாம்." சிரித்தார். "அவளுக்குக் கோழிக்குஞ்சுன்னா உசுரு. பாவாடைல வெச்சிகினு திரிவா. அப்பால, 'சாம்பார்ல உப்பு ஜாஸ்தி ஆயிடுச்சும்மா, வூட்டுக்காரரு ஒன்னும் சொல்லாம சாப்ட்டுட்டாரு'ன்னா. எனக்கு ஆச்சரியம். எங்க வூட்ல எல்லாம் மீனு கொழம்புதான், அவ சாம்பாரே வெச்சதில்ல. மேல போயிக் கத்துகினா போல. கல்யாணமும் ஆயிடுச்சு போல."

என் பேனா நின்றுவிட்டது.

ஏரியில் நீர்க்கோழிக் குஞ்சுகள். உப்பு அதிகமான சாம்பார். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்ட என் வீட்டுக்காரர் மோகன். ஆகஸ்டில் கன்னியம்மாவுக்கு உடம்பு துடைக்கும்போது நான் சொன்னவை. மயக்கத்தில் இருப்பவர்களிடமும் பேச வேண்டும் என்று எங்களுக்குப் பாடம். என்ன பேசுவது என்று தெரியாமல் அன்றன்று நடந்ததைச் சொல்வேன். எல்லாப் பெண்களையும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவேன்.

ரெக்கார்டரில் இந்த இடத்தில் தூரத்துக் கடல் சத்தம் இருக்கும்.

"வூட்டாண்ட அவ வர்றதில்ல," என்றார். "கண்ண மூடிகினு பாக்கறேன். லேசா வர்றா மாரி கீது, போயிடறா. மறுபடி அந்த ரூமுக்கு என்ன எப்ப இட்டுகினு போவாங்கோ?"

"உடம்பு ரொம்ப முடியாம போனாதான் அங்க போவாங்க அம்மா."

"தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "அதுக்குத்தான் மாத்தர போடறதில்ல. தேவிகிட்ட சொல்லிடாத கண்ணு. அது தர்றத வாய்ல போட்டுகினு, அப்பால போயி மண்ணுல துப்பிடறேன்."

என்னென்னவோ சொன்னேன். கெஞ்சினேன். கடைசியில் ஒரு மாத்திரையை என் எதிரே முழுங்கினார், என் மேல் இரக்கப்பட்டு. நான் கிளம்பின பிறகு துப்பினாரோ என்னவோ.

திரும்பும் பஸ்ஸில் தூங்கவில்லை. கேளம்பாக்கம் தாண்டி வயல் முழுக்கத் தண்ணீர், அதில் வானம் தலைகீழாக. பஸ் வானத்துக்கு மேலே போவது போல.

நவ. 6, வியாழன்

செமினார் முடிந்தது. பலகையில் எழுதியது:

அளவுசார்: எத்தனை பேருக்கு? எவ்வளவு? நிறையப் பேர் வேண்டும். நான் வெளியே நிற்க வேண்டும். என் இடத்தில் வேறு ஒருத்தி கேட்டாலும் அதே விடை வர வேண்டும்.

பண்புசார்: அவர்களுக்கு அது எப்படி இருந்தது? சிலர் போதும். நான் உள்ளே இருக்கிறேன். இருப்பதை மறைக்கக் கூடாது.

கடைசி வரி எழுதும்போது சாக்பீஸ் உடைந்தது. ஜூனியர் ஒருத்தி கேட்டாள், "எதுக்கா பெட்டர்?" கேள்வியைப் பொறுத்தது என்றேன். புத்தகத்தில் இருக்கிற பதில். உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் வ.மே. அறை. ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"மேடம், அந்தக் குரல் நான்தான்."

"புரியுது. அத அப்புறம் பேசலாம். எவ்ளோ நாளா மாத்திரை இல்ல?"

"தெரியல மேடம். சொன்னத வெளிய சொல்ல மாட்டோம்னு சொல்லித்தான் கைநாட்டு வாங்கியிருக்கேன்..."

"உயிருக்கு ஆபத்துன்னா சொல்லுவோம்னும் அதே தாள்ல இருக்கு. படிச்சுக் காட்டினியா?"

"காட்டினேன்."

"அப்புறம் என்ன. தேவிக்கு இப்பவே போன் பண்ணு. ராத்திரி மாத்திரைய கூடவே நின்னு முழுங்க வைக்கட்டும். காலைல நானும் வரேன்."

போன் செய்தேன். மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். "சாவணும்னு பாக்குதாக்கா?" என்றாள் தேவி. இல்லை தேவி, அது இல்லை என்றேன்.

நவ. 7, வெள்ளி

வ.மே. காரில். வைப்பர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

விரலில் ஊசி குத்தி, சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் மெஷினில் வைத்தேன். எண் வரவில்லை. 'ஹை' என்று மட்டும் வந்தது. அளவுக்கு மேலே போய்விட்டால் அது எண் காட்டாது. வ.மே. அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கன்னியம்மா என்னைப் பார்த்த பார்வை.

"ஒன்ன நம்பித்தான சொன்னேன்."

"தெரியும் அம்மா."

"பேஜார் பண்ணிட்டியே நர்சம்மா."

மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று வ.மே. தேவியிடம் சொன்னது காதில் விழுந்ததும் அந்த முகம் மாறியதை எப்படி எழுதுவேன். விளக்குப் போட்டது போல. எழுந்து உட்கார்ந்தார்.

"தேவி, அந்த பச்சப் பொடவய எடு. சீப்ப எடு."

தலை வாரி, பொட்டு வைத்து, பச்சைப் புடவை கட்டி, காரின் பின் சீட்டில் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார். தேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். மேடவாக்கம் பக்கம் எங்கும் டிராஃபிக். மழையில் சிவப்பு விளக்குகள் எல்லாம் கரைந்து.

நவ. 8, சனி

ஐசியு இல்லை. பொது வார்டு. அந்த அளவுக்குப் போகுமுன் பிடித்துவிட்டோம். இன்சுலின், சலைன். சர்க்கரை இறங்கத் தொடங்கிவிட்டது.

"இது அந்த ரூமு இல்லியே," என்றார் காலையில். ஆனாலும் நம்பிக்கை விடவில்லை. கண்ணை மூடிப் படுத்து, கையை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார். யாராவது பிடிக்கட்டும் என்று. டூட்டி சிஸ்டர் வந்து அந்தக் கையில் பி.பி. பட்டையைச் சுற்றினார்.

சாயங்காலம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இட்லி அப்படியே. கஞ்சி அப்படியே. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும், குளுக்கோஸ் ஏற்றிச் சமாளிக்கிறார்கள். தேவி ஸ்பூனை வைத்துக்கொண்டு கெஞ்சுகிறாள்.

சார்ட்டில்: உணவு, மறுப்பு. காரணம் எழுத அதில் இடம் இல்லை.

நவ. 9, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. மோகனிடம் எல்லாம் சொன்னேன். தோசைக் கரண்டியோடு நின்று கேட்டான்.

"நான்தான் பேசினேன்னு சொல்லப் போறியா?"

"சொல்லணும்ல?"

"எதுக்கு? அவங்களுக்குன்னு இருக்கறது அது ஒன்னுதான். அதயும் புடுங்கிட்டு வரப் போறியா?"

"சொல்லலன்னா சாகற வரைக்கும் காத்துகிட்டே இருப்பாங்க. இல்ல, அதுக்காகவே செத்துப் போவாங்க."

தோசை கருகியது. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

மதியம் சோபாவில் கண் அசந்தேன். தண்ணீருக்கு அடியில் இருந்தேன். மேலே யாரோ பேசுகிறார்கள், என்ன மொழி என்று தெரியவில்லை, ஆனால் என்னிடம்தான். பயமாக இல்லை. சுகமாக இருந்தது. குக்கர் விசிலுக்கு விழித்தபோது எனக்கே கோபம் வந்தது, ஏன் எழுப்பினாய் என்று. அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது, அவர் ஏன் கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்று.

தாளில் பத்துக்குப் பத்து போட்டது பொய் இல்லை.

நவ. 10, திங்கள்

சொல்லிவிட்டேன்.

வார்டில் மதிய நேரம். தேவி சாப்பிடப் போயிருந்தாள். மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம், தரை துடைத்த லோஷன் வாசனை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். முதுகிடம் சொன்னேன்.

"அம்மா, ஆகஸ்ட்ல நான் அந்த ரூம்லதான் வேல பாத்தேன். உங்க முகத்த நான்தான் தொடச்சேன். செம்பாக்கம் ஏரி எங்க வீட்டாண்ட இருக்கு. கோழிக்குஞ்சு கத நான் சொன்னது. சாம்பார் நான் வெச்சது."

பிறகு மெதுவாக, சலைன் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கண்ணைச் சுருக்கி, மீனில் ஐஸ் மீனா புது மீனா என்று பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"அப்போ நீ ஏன் அவ பேச்சு பேசின?"

"புரியல அம்மா."

"கோழிக்குஞ்சுன்னா அவளுக்கு உசுருன்னு ஒனக்கு யாரு சொன்னா? ஊருல எத்தினியோ கத கீது. நீ ஏன் அத வந்து சொன்ன?"

அன்று காலை ஏரியில் பார்த்தேன், சொன்னேன். அவ்வளவுதான். தற்செயல் என்று சொல்லியிருக்கலாம். வ.மே. இருந்திருந்தால் சொல்லியிருப்பார். எனக்கு வாயில் வரவில்லை. இப்போதும் அந்த வார்த்தையை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்க்கிறேன்.

"அத மாட்டு," என்றார். என் கழுத்தில் தொங்கிய மாஸ்க்கைக் காட்டினார். மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

"பேசு."

ஆகஸ்டில் அத்தனை சுலபமாக வந்த பேச்சு. ஒரு சொல் வரவில்லை. பிறகு, துணியே காய மாட்டேங்குது அம்மா என்றேன். யூனிஃபார்ம இஸ்திரி போட்டே காய வெச்சேன். நேத்து வீட்டுக்காரர் தோசை சுட்டாரு, கருக விட்டுட்டாரு, பாதி தப்பு என் மேலதான்.

முகத்தையே பார்த்துக்கொண்டு பேசினேன். அதில் ஏதோ ஏறி வருவது போல இருந்தது. நின்றது. மூடிய கண்ணின் ஓரத்தில் இருந்து காதுப் பக்கம் ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கியது.

"அவ இல்ல," என்றார். "அவ கொரலு இப்டி இல்ல."

கையை எடுக்கப் போனேன். விடவில்லை.

"இருக்கட்டும். நீ பேசு."

தேவி திரும்பி வரும்வரை பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று பாதி நினைவில்லை. மாமியார் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து தேவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நவ. 13, வியாழன்

டிஸ்சார்ஜ். மெஷினில் இன்று எண் வந்தது, ஒழுங்கான எண். ஒரு எண்ணைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

அவர் பேச்சை ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன் என்றேன். நிஜமாகவே அழித்திருப்பேன்.

"எழுதிக்கோ. அவ பேர மட்டும் போடாத. அது எனக்கு."

வீட்டுக்கு வந்ததும் இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினேன். நல்ல வேளை, இதிலும் எழுதவில்லை.

கிளம்பும்போது என்னைக் கும்பிடவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. "மூஞ்சி கறுத்துட்ட, நல்லா துன்னு" என்றார். தேவிதான் என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நவ. 24, திங்கள்

வ.மே. அறை. வெளியே கொட்டுகிறது, ஜன்னலை மூடியும் மேசை ஈரம்.

"எந்த முறைன்னு முடிவு பண்ணிட்டியா?"

முதலில் எல்லோருக்கும் தாள். பிறகு தனியாக நிற்கிறவர்களைத் தேடிப் போய்ப் பேச்சு. இரண்டும் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், நேரம் போதாது என்று.

"சரி. தாள் மட்டும் இருந்திருந்தா அந்தம்மாவ நல்லா இருக்காங்கன்னு எழுதி மூடியிருப்போம். அந்தம்மா பேச்சு மட்டும் இருந்திருந்தா ஐசியு போற எல்லாருமே இப்படித்தான் சந்தோஷமா மெதக்கறாங்கன்னு நீ எழுதியிருப்ப. மத்தவங்க பாதிப் பேர் பயந்து நடுங்கறது உனக்குத் தெரிஞ்சே இருக்காது."

உண்மைதான். அது எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

"அப்புறம் மேடம்... அவங்க இன்டர்வியூல நானே இருக்கேனே. அத என்ன பண்றது?"

"உன்னையும் எழுது. நீ என்ன சொன்ன, ஏன் சொன்னன்னு."

"ஏன் சொன்னேன்னு தெரியல மேடம்."

வ.மே. பேனாவை மூடினார், திறந்தார். எண்கள் மேடம்.

"தெரியலன்னே எழுது," என்றார்.

டிச. 4, வியாழன்

வெயில். எத்தனை நாளுக்குப் பிறகு. மொட்டை மாடி முழுக்க எல்லார் வீட்டுத் துணியும், காற்றில் உப்பி, யாரோ உள்ளே இருப்பது போல ஆடுகிறது. கீழே இறங்க மனமில்லாமல் நின்றேன்.

போன். தேவி நம்பர். பேசியது கன்னியம்மா. இதுவரை நான்தான் கூப்பிட்டுப் பேசுவேன், அவராகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"இன்னா பண்ணிகினு கீற?"

"துணி காயப் போட்டேன் அம்மா. மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. அதயே கேளு."

பின்னால் ஒரே இரைச்சல். எங்கே இருக்கீங்க என்றேன். மார்க்கெட்டாம். இந்த வாரம்தான் மறுபடி கூடை தூக்கினாராம். தேவிக்கு விலை சொல்லத் தெரியவில்லையாம், வாயே இல்லையாம்.

எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. மாடி, வெயில், துணிகள். வழக்கம்போல ஆரம்பித்தேன். "இங்க மாடில அம்மா, காத்துல..."

"இரு, இரு," என்றார். யாரிடமோ கத்தினார்: "ஏ, அத தொடாத, வெல சொன்னா வாங்கிக்கோ!" பிறகு என்னிடம், அவசரமாக: "ஆளு நிக்கறாங்கோ கண்ணு. அப்பால பேசறேன், வெச்சிடு."

வைத்துவிட்டார்.